வெந்நீர்க் குளத்தில் அப்பா போட்ட சத்தம்

தீபாவளி முடிந்து இருபது நாள் வரைக்கும் எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் எதற்கும் அவசரப்படுத்துவதில்லை. பட்டாசுக் கம்பெனிகள் பூட்டிக் கிடக்கும். வருஷம் முழுக்க விடியற்காலையில் ஹாரன் அடித்து ஆட்களை அள்ளிப்போகும் வேன்கள் மரத்தடியில் தூசி படிந்து நிற்கும். இருக்கன்குடிக் கோயிலுக்கு நேர்ந்துகொண்டவர்களுக்கு நேர்த்திக்கடன் ஞாபகம் வருவதும், சொந்தக்காரர்களுக்கு எங்கள் ஞாபகம் வருவதும் அந்த நாட்களில்தான். கம்பெனிக்காரர்கள் ஆட்களை டூர் கூட்டிப்போவதும் அப்போதுதான். பெரும்பாலும் கொடைக்கானல், கன்னியாகுமரி, மிஞ்சிப்போனால் திருப்பதி. நான் நான்காம் வகுப்புப் படித்த வருஷம் எங்கள் கம்பெனிக்கு என்ன தோன்றியதோ, இமயமலைக்கே கூட்டிப்போனார்கள்.

எங்கள் கம்பெனி என்று சொல்வதால் அது ஏதோ எங்களுடையது என்று நினைத்துவிட வேண்டாம். அப்பா அங்கே போர்மேன். அப்பாவின் தங்கையான என் அத்தை அங்கே பட்டாசுக்குள் மருந்து செலுத்துகிறவள். அம்மா மட்டும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தாள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் ஒரே கம்பெனிக்குப் போகக் கூடாது என்பது அப்பா போட்ட சட்டம். ஏன் என்று நான் கேட்டதில்லை. மற்ற எல்லாவற்றையும் கேட்டிருக்கிறேன். வானம் ஏன் நீலம், பல்லி ஏன் சுவரிலிருந்து விழவில்லை, லாரிக்கு ஏன் எலுமிச்சம்பழம் கட்டுகிறார்கள் என்று கேட்டுக் கேட்டு வீட்டில் எல்லாருடைய காதையும் தேய்த்திருக்கிறேன். இதை மட்டும் கேட்கத் தோன்றவில்லை.

போர்மேன் என்றால் என்ன வேலை என்று டீச்சர் கேட்டபோது, "நடக்கிறது டீச்சர்" என்று பதில் சொன்னேன். அத்தை சொல்லித்தான் எனக்கு அந்த வேலை தெரியும். பொட்டல்வெளியில் தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன ரூம்கள். ஒரு ரூமில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. செருப்பு, வளையல், செல்போன் எதுவும் உள்ளே வரக் கூடாது. அப்பா காலையிலிருந்து சாயங்காலம் வரை ரூம் ரூமாக நடப்பார். ஒவ்வொரு ரூமிலும் மருந்துத் தட்டுக்குப் பக்கத்தில் புறங்கையை ஒரு நிமிஷம் நீட்டிப் பார்ப்பார். காய்ச்சல் அடிக்கிற பிள்ளையின் கன்னத்தைத் தொடுகிற மாதிரி என்று அத்தை செய்து காட்டுவாள்.

அந்த வருஷம் தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு மழை பிடித்துக்கொண்டது. சீசன் நேரம். வடநாட்டு ஆர்டருக்கு லாரி வாசலில் நின்றது. முந்தின நாள் கலந்து மிச்சம் விழுந்த மருந்தைக் கொட்டிவிடாமல், அவசரத்துக்கு யாரோ ஏழாம் நம்பர் ரூமில் எடுத்து வைத்துவிட்டார்கள். அப்பா போய்ப் புறங்கையை நீட்டியிருக்கிறார். மருந்து இளஞ்சூடாக இருந்திருக்கிறது. ஈரம் பட்ட மருந்து யாரும் பற்றவைக்காமல் தானாகவே சூடேறும். ஏறத் தொடங்கிவிட்டால் அப்புறம் அது யார் பேச்சையும் கேட்காது. "வெளிய வாங்க!" என்று அப்பா ஒரு சத்தம் போட்டிருக்கிறார். ரூமில் இருந்த நாலு பெண்களும் ஓடினார்கள். அவர்களில் அத்தை ஒருத்தி. அவர்களைப் பார்த்து மொத்தக் கம்பெனியும் ஓடியது. கேட்டுக்கு வெளியே மழையில் நனைந்தபடி எல்லாரும் ஏழாம் நம்பர் ரூமைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஒன்றும் நடக்கவில்லை.

அப்பா செய்த தப்பு அதுதான். வெடித்திருந்தால் அவரைத் தோளில் தூக்கி வைத்து ஊரைச் சுற்றியிருப்பார்கள். வெடிக்காததால் லோடு ஒரு நாள் தாமதமாகப் போனது, மானேஜர் முகம் சுண்டிப்போனது, அப்பாவுக்கு 'சூடு போர்மேன்' என்று பட்டப்பெயர் கிடைத்தது. டீக்கடையில் கூட, "அண்ணே, கிளாஸு சுடுது, ஓடிருவமா?" என்று கேட்டார்கள். அப்பா சிரித்துக்கொண்டே டீயை ஊதிக் குடிப்பார்.

பெரிய போர்மேனாக இருந்தவர் அந்தத் தீபாவளியோடு வேலையிலிருந்து நின்றுவிட்டார். அந்த இடத்துக்கு அப்பா வர வேண்டும், இல்லையென்றால் இன்னொரு போர்மேன் வர வேண்டும். அந்த இன்னொருவர் அப்பாவைவிடப் பத்து வயது இளையவர், கலகலப்பானவர், மானேஜர் சிரிப்பதற்கு அரை நொடி முன்பே சிரித்துவிடக் கூடியவர். ரயில் ஏறி உட்கார்ந்ததுமே அம்மா அப்பாவைப் பிடித்துக்கொண்டாள்.

"டூர் முடியுற வரைக்கும் மானேஜர் கூடவே இருங்க. ஊருக்குத் திரும்புறதுக்குள்ள பெரிய போர்மேன் யாருன்னு முடிவு பண்ணிருவாராம். கொஞ்சம் சிரிச்ச மொகமா இருங்க."

"சிரிச்சா போர்மேன் ஆக்கிருவாகளா?"

"சிரிக்கலைன்னா ஆக்க மாட்டாக."

எனக்கும் அப்பாதான் வர வேண்டும். பெரிய போர்மேன் மகள் என்று பள்ளிக்கூடத்தில் எந்தெந்தப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும் என்பதைக்கூட வரிசையாக யோசித்து வைத்திருந்தேன். ஆகவே அம்மாவோடு சேர்ந்து நானும் அப்பாவைக் கண்காணித்தேன். அவர் சிரிக்க மறந்தால் காலால் இடிப்பது என் பொறுப்பு.

மூன்று நாள் ரயில். அதற்குப் பிறகு மலைமேல் ராத்திரி முழுக்க பஸ். அந்த ராத்திரி அப்பா கண்ணை மூடவே இல்லை. டிரைவர் தூங்கிவிடக் கூடாது என்று அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஒரு வார்த்தை இந்தி தெரியாமலேயே விடியும் வரைக்கும் பேச்சுக் கொடுத்துக்கொண்டு வந்தார். மானேஜர் பின்னால் போர்வைக்குள் இருந்தார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

காலையில் இறங்கினால், ஊரே புகைந்துகொண்டிருந்தது. மலை உச்சியில் பனி. கீழே ஒரு ஆறு, பெரிய சத்தத்தோடு போய்க்கொண்டிருந்தது. ஆற்றங்கரையில் பாறை இடுக்குகளிலிருந்து வெள்ளை வெள்ளையாக ஆவி. எங்கள் ஊரில் தண்ணீரைச் சூடாக்க யாரும் மெனக்கெடுவதில்லை, மொட்டைமாடித் தொட்டிக் குழாயைத் திறந்தால் போதும். ஆனால் ஸ்வெட்டருக்குள் பல் கிடுகிடுக்கிற குளிரில் தண்ணீர் எப்படிக் கொதிக்கும்? ஆற்றில் ஒரு விரலை விட்டுப் பார்த்தேன். விரல் மரத்துப்போனது. பத்து எட்டுத் தள்ளிப் பாறையில் ஓடிய தண்ணீரைத் தொட்டேன். சுட்டது. மறுபடியும் ஆறு, மறுபடியும் பாறை. நாலு தரம் போய் வந்தும் எனக்குப் புரியவில்லை.

எங்கோ அடுப்பு இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, ஆவி பறந்த ஒரு குளத்தின் சுவருக்குப் பின்னால் போய்த் தேடினேன். அடுப்பும் இல்லை, விறகும் இல்லை. ஒரு மலைக்காரம்மா துணியில் அரிசியை முடிந்து, கயிற்றில் கட்டி, கொதிக்கிற குழிக்குள் இறக்கிக்கொண்டிருந்தாள். அந்த முடிச்சு கொதித்துக் குதிப்பதைப் பார்த்தபடி அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டேன். அப்பா தேடிக்கொண்டு வந்தார்.

"யாருப்பா கீழ தீ போடுறது?"

"யாரும் போடலத்தா. பூமிக்குள்ள எப்பவும் சூடுதான். தண்ணி அங்கன போயிச் சூடாயி மேல வருது."

"யாரும் பத்த வைக்காமயா? தானாவேயா?"

"தானாவேதான்."

இதை அப்பாவே அவர் வாயால் சொன்னார் என்பதை நான் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது வெந்நீர் ஊற்று என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

ஊற்றில் ஒரு வாசனை வந்தது. எங்களுக்கு யாரும் அதன் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. "ஏ, நம்ம ரூமு வாசம்ல அடிக்குது! இம்புட்டு தூரம் வந்தும் கந்தகம் விடலயே" என்று அத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளோடு ஏழாம் நம்பர் ரூமில் உட்காருகிற மற்ற மூன்று பெண்களும் சிரித்தார்கள்.

குளம் கல்லால் கட்டியது. நடுவே ஒரு சுவர், ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். நான் கழுத்து வரைக்கும் தண்ணீரில் இறங்கி நின்றேன். உடம்பு சுடச்சுட, தலைக்கு மேலே குளிர்க்காற்று. சூடு எந்த மூலையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கச் சுவரோரமாகக் காலால் தடவிக்கொண்டே போனேன். அம்மா முதுகுக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். கம்பெனியில் பேக்கிங் பார்க்கிற பெண்கள் ஏழெட்டுப் பேர், தண்ணீரை விட்டு இனி ஏறுவதாக இல்லை என்கிற முகத்தோடு சாய்ந்திருந்தார்கள்.

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அப்பாவின் சத்தம் கேட்டது.

"வெளிய வாங்க! எல்லாரும் வெளிய வாங்க!"

என் இடுப்பை ஒரு கை வளைத்தது. நான் தண்ணீரிலிருந்து பிய்த்து எடுக்கப்பட்டேன். அத்தை என்னைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படி ஏறினாள். முன்னால் இரண்டு பேர், பின்னால் ஒருத்தி. ஈரச் சேலை காலைத் தடுக்க, செருப்பில்லாமல், யார் பார்க்கிறார்கள் என்ற எண்ணமே இல்லாமல் அவர்கள் ஓடினார்கள். தெருவைத் தாண்டி, எங்கள் பஸ்ஸையும் தாண்டி, ஒரு கல் சுவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்த பிறகுதான் அத்தை என்னை இறக்கிவிட்டாள். திரும்பிப் பார்த்தேன். அம்மா வரவில்லை. பேக்கிங் பெண்களும் வரவில்லை. ஓடி வந்தது ஏழாம் நம்பர் ரூமின் நாலு பேர் மட்டும்தான்.

தெருவில் அப்பா நின்றுகொண்டிருந்தார். அவர் கையில் மானேஜரின் மணிக்கட்டு. மானேஜர் இடுப்பில் ஈரத் துண்டு, தலையில் ஷாம்பு நுரை, பனிக்காற்றில் உடம்பெல்லாம் புல்லரித்து, வாயைத் திறந்தபடி நின்றார். கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். குளத்து வாசலில் இளைய போர்மேன் செல்போனை நீட்டிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

அப்பா ஒரு தடவை கண்ணைச் சிமிட்டினார். ஆவியைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், தன் கையில் இருந்த மானேஜரின் கையைப் பார்த்து, அதை விட்டுவிட்டார்.

"என்னய்யா, இங்கனயும் ஆரம்பிச்சிட்டியா?" என்றார் மானேஜர்.

"மன்னிச்சுக்கிடுங்க சார். படியில உக்காந்து கண்ணசந்துட்டேன். முழிச்சா கைக்குக் கீழ ஈரக் கல்லு சுடுது. வாசமும் அப்படியே இருந்துச்சு. கை அறிஞ்சதும் வாய் கத்திருச்சு சார், நான் எங்க யோசிச்சேன்."

"அண்ணே, ரெண்டு நிமிசம் பொறுங்க, அங்கன குழியில சோறு வேகுது, அதையும் காப்பாத்திருவோம்" என்றார் இளைய போர்மேன். தெருவே சிரித்தது. தமிழ் தெரியாதவர்கள்கூடச் சிரித்தார்கள். மானேஜர் முதலில் முறைத்தார், பிறகு நடுங்கிக்கொண்டே அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு அப்பாவுக்கு நல்லதில்லை என்று எனக்கே தெரிந்தது. அம்மா ஈரத் தலையோடு வந்து, அப்பாவின் தோளில் துண்டைப் போட்டாள். அவளுடைய கண் கலங்கியிருந்தது. பெரிய போர்மேன் வேலை எங்கள் கண் முன்னால் ஆவியாகிப் போய்க்கொண்டிருந்தது.

கல் சுவருக்குப் பின்னால் அத்தை சேலையைப் பிழிந்துகொண்டிருந்தாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

"நீங்க ஏன் அத்தை ஓடுனீக?"

"உங்கப்பா சொன்னாக, ஓடுனேன்."

"வெறும் சுடுதண்ணிதானே அது?"

"அது ஓடுன பெறவுதானே தெரியும்" என்றாள் அத்தை. மற்ற மூன்று பேரும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்திக்குப் படியில் இடித்துப் பெருவிரல் நகம் பெயர்ந்திருந்தது. அவள் அதைப் பார்க்காமல் அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரே சிரிக்கும்போது இந்த நாலு பேர் மட்டும் ஏன் சிரிக்கவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். குளிரில் தாடை இறுகிப்போயிருக்கும் என்று தோன்றியது.

மதியம் மலை இறங்கி ஒரு ஏரிக்குப் போனோம். அப்படி ஒரு பச்சைத் தண்ணீரை நான் அதுவரை கண்டதில்லை. எங்கள் ஊர்க் கண்மாய் நிறைந்தாலும் செம்மண் நிறம்தான். இதில் மலை அப்படியே தலைகீழாகக் கிடந்தது. வேறொரு நாளாக இருந்திருந்தால் அந்தத் தலைகீழ் மலையைப் பற்றி அப்பாவை நூறு கேள்வி கேட்டிருப்பேன். அன்றைக்கு அவர் கையைப் பிடித்து நடக்கக்கூட எனக்குப் பிடிக்கவில்லை. பஸ்ஸில் எல்லாரும் இளைய போர்மேனின் செல்போனைக் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்துச் சிரித்தபடி வந்திருந்தார்கள். எனக்கு அப்பாவை நினைத்தால் வெட்கமாக இருந்தது. அன்றைக்கு நான் பட்ட வெட்கத்தை இப்போது நினைத்தால் அதைவிட வெட்கமாக இருக்கிறது.

ஏரியில் துடுப்புப் படகுகள். படகோட்டி தவிர ஐந்து பேர் உட்காரலாம். அப்பா ஒரு படகில் முதலில் ஏறி, என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். நான் பார்க்காததுபோலத் திரும்பி, மானேஜரும் இளைய போர்மேனும் இருந்த படகில் ஏறிக்கொண்டேன். அம்மா கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பாவின் படகு கொஞ்ச நேரம் வெறுமனே ஆடிக்கொண்டிருந்தது. வேறு படகில் இடம் பிடித்து உட்கார்ந்திருந்த அத்தை எழுந்தாள். அவள் எழுந்ததும் மற்ற மூன்று பேரும் எழுந்தார்கள். நாலு பேரும் இறங்கிப் போய் அப்பாவின் படகில் ஏறினார்கள்.

ஏரி நடுவில் மானேஜர் என் கன்னத்தைத் தட்டினார். "என்ன பாப்பா, தண்ணி ஆழமா இருக்கே. நீயும் உங்கப்பா மாதிரி பயந்தாங்கொள்ளியா?"

"நான் பயப்பட மாட்டேன் சார். எங்கப்பாதான் பயப்படுவாக" என்றேன்.

படகு ஆடும்படி சிரித்தார்கள். இளைய போர்மேன் என்னைச் சமர்த்து என்றார். தண்ணீருக்கு மேலே பேச்சு எவ்வளவு தூரம் போகும் என்பது எனக்குத் தெரியாது. எதிரே வந்துகொண்டிருந்த படகிலிருந்து அப்பா எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். ஆட்டின விதத்தில் நான் சொன்னது அவர் காதில் விழுந்ததா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இன்று வரைக்கும் நான் அவரிடம் கேட்கவும் இல்லை. அவருடைய படகில் பெண்கள் ஏதோ சொல்லிச் சொல்லி உரக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பெருவிரலில் துணி சுற்றியிருந்தவள் அப்பாவின் உள்ளங்கையை இழுத்து ஏரித் தண்ணீருக்குள் அமுக்கி, "இது சில்லுனுதான் இருக்கு, பயப்படாதீக" என்றாள். அப்பாவும் சிரித்தார். பார், இவர்களும் கேலி செய்ய ஆரம்பித்துவிட்டார்கள் என்று நான் நினைத்தேன்.

ஊர் திரும்பினோம். கம்பெனி திறந்த அன்றைக்கே பெரிய போர்மேன் வேலை இளையவருக்கு என்று சொல்லிவிட்டார்கள். அவரும் கெட்டவர் இல்லை. "அண்ணே, நீங்க எப்பவும் போல பாருங்க. ஆனா சத்தம் போடுறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்க" என்று மரியாதையாகத்தான் சொன்னாராம். அப்பா வீட்டுக்கு வந்து முகம் கழுவினார். பிறகு அம்மாவிடம், "கேட்டுட்டுக் கத்துறதுக்கு எனக்குத் தெரியாது" என்றார். அடுத்த வாரம் எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் போர்மேனாகச் சேர்ந்துவிட்டார். வேன் ஒரு மணி நேரம் முன்னாலேயே வரும். அங்கே டூர் எல்லாம் கிடையாது.

அதற்கடுத்த திங்கட்கிழமை அத்தையும் பழைய கம்பெனியிலிருந்து நின்று அங்கே சேர்ந்தாள். அவளோடு அந்த மூன்று பேரும் சேர்ந்தார்கள். பக்கத்திலேயே இருக்கிற கம்பெனியை விட்டு, இருட்டோடு எழுந்து சோறாக்கி வைத்துவிட்டு அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று அவரவர் வீட்டில் சண்டை நடந்தது. பெருவிரல் நகம் பெயர்ந்தவளின் புருஷன் எங்கள் வீட்டு வாசலில் வந்தே சத்தம் போட்டுவிட்டுப் போனான். அவள் மறுநாளும் வேன் ஏறினாள்.

அப்பா அந்தக் கம்பெனியில் ஓய்வு பெறும் வரை ரூம் ரூமாக நடந்தார். எத்தனை தரம் சத்தம் போட்டார், எத்தனை தரம் எல்லாரும் ஓடிப்போய் நின்று ஒன்றும் நடக்காததைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஒன்று நடந்துவிட்டால் டிவிக்காரர்கள் வருவார்கள், மந்திரி வருவார். நடக்காமல் போனதைப் பார்க்க யார் வருவார்கள்?

ஆனால் இதெல்லாம் பின்னால் யோசித்தது. அன்றைக்கு என் கவலை வேறு. ஒரு நாள் காலை இருட்டில் வேனுக்குக் கிளம்பி நின்ற அத்தை, அவசர அவசரமாக எனக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"அங்கன டூரே கிடையாதாமே அத்தை. பெறவு ஏன் போறீக?"

"உங்கப்பா அங்கன இருக்காகல்ல" என்றாள்.

அண்ணன்மேல் அத்தைக்கு அம்புட்டுப் பாசம் என்று நினைத்துக்கொண்டேன். மற்ற மூன்று பேருக்கும் அவர் அண்ணன் இல்லையே என்பது எனக்குத் தோன்றவே இல்லை.